சில நேரம் நீலத்திரை, சில நேரம் எதுவுமே இல்லாமல் மறுதொடக்கம்: மேசைக்கணினியில் எதை முதலில் சோதிப்பது?

கேள்வி

வணக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பொருத்திய மேசைக்கணினி, கடந்த ஆறு வாரங்களில் 14 முறை வேலையின் நடுவே தானாக மறுதொடக்கம் ஆகியிருக்கிறது. ஆறு கோர் பிராசஸர், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி), நடுத்தர வகை கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் நிறுவியிருக்கும் எம்.2 எஸ்எஸ்டி, பழைய கோப்புகளுக்கான ஒரு ஹார்டு டிஸ்க் ஆகியவை இதில் உள்ளன. தொடக்கத்தில் 8 ஜிபி அளவில் இரண்டு டிடிஆர்4 ராம்கள் இருந்தன. புத்தகப் பக்க வடிவமைப்பு வேலைகளுக்கு அது போதாமல் போனதால், இரண்டு மாதங்களுக்கு முன் அதே 3200 வேகம் அச்சிடப்பட்ட, ஆனால் வேறு நிறுவனத்தின் தயாரிப்பான இரண்டு ராம்களைச் சேர்த்து 32 ஜிபி ஆக்கினேன். கேபினெட்டைத் திறந்த கையோடு, மேசைமேல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அதைக் கீழே இறக்கிக் காலடியில் வைத்துவிட்டேன்.

இந்த 14-இல் ஐந்து முறை நீலத்திரை, அதாவது விண்டோஸ் பிழையால் நின்றுபோகும்போது காட்டும் திரை, வந்தது. அதில் காட்டிய பிழை எண்கள் ஒன்றுபோல் இல்லை: இரண்டு முறை 1ஏ, ஒரு முறை 50, ஒரு முறை 3பி, ஒரு முறை 139. பிழையின்போது விண்டோஸ் எழுதிவைக்கும் மினிடம்ப் கோப்புகளைத் திறந்து பார்த்தால், ஒரு முறை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும், ஒரு முறை கிராஃபிக்ஸ் இயக்கியையும் (டிரைவர்), இன்னொரு முறை கோப்பு முறைமையின் இயக்கியையும் அது குற்றம் சாட்டுகிறது. மீதி ஒன்பது முறையும் நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. திரை கறுத்து, உடனே மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருக்கிறது. பிழையின்போது தானாக மறுதொடக்கம் ஆகும் அமைப்பையும் முதல் வாரத்திலேயே அணைத்துவிட்டேன், பயனில்லை.

கடினமான வேலை நடக்கும்போதுதான் இப்படி ஆகிறது என்றும் சொல்ல முடியவில்லை. வெறுமனே ஒரு பிடிஎஃப் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போதுகூட நின்றிருக்கிறது. வெப்பம் சும்மா இருக்கும்போது 45 டிகிரி, வேலை கூடும்போது 72 டிகிரி. விண்டோஸை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவினேன். கிராஃபிக்ஸ் இயக்கியைப் புதுப்பித்தேன். தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். யுபிஎஸ்ஸை விலக்கி நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகியும் பார்த்தேன். அடுத்து எஸ்எம்பிஎஸ் வாங்குவதா, மதர்போர்டை மாற்றுவதா என்று தெரியாமல் நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

முதல் பதில்

வணக்கம் நண்பரே. எதையும் வாங்க வேண்டாம். வாங்கும் கட்டம் இன்னும் வரவில்லை. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது, ஆனால் அதைக் கலந்து எழுதிவிட்டீர்கள். 14 முறை நின்றது என்று ஒரே கணக்காக வைக்காமல், ஐந்து என்றும் ஒன்பது என்றும் பிரித்து, இரண்டும் இரண்டு வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குங்கள். ஒரே காரணம்தான் என்று பிடிவாதமாகத் தேடினால், ஒன்றைச் சரிசெய்த பிறகும் மற்றொன்று தொடர்வதைப் பார்த்து, சரியாகச் செய்ததையும் தவறென்று எண்ணிக் கலைத்துவிடுவீர்கள்.

கெர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பற்றி ஒரு விளக்கம். பெயரில் பவர் என்று இருப்பதால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். அந்தப் பதிவு கணினி விழும்போது எழுதப்படுவதில்லை. அடுத்த முறை தொடங்கும்போது, முந்தைய முறை முறைப்படி மூடப்படவில்லை என்பதை விண்டோஸ் கண்டு எழுதுவது. அதாவது அது காரணம் அன்று, விளைவைப் பற்றிய குறிப்பு மட்டுமே. அதன் விவரப் பகுதியைத் திறந்தால் பக்செக்கோட் என்ற வரி இருக்கும். அதில் சுழியம் அல்லாத எண் இருந்தால் நீலத்திரை வந்து முடிந்திருக்கிறது என்று பொருள். சுழியம் இருந்தால், விண்டோஸுக்குப் பிழையை உணரவோ எழுதவோ அவகாசமே கிடைக்கவில்லை: மின்சாரம் அறுந்திருக்கலாம், கணினி முற்றாக உறைந்திருக்கலாம், அல்லது வன்பொருள் மட்டத்தில் மறுதொடக்கம் நடந்திருக்கலாம். அதே பகுதியில் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரியும் உண்டு. பவர் பொத்தானை அழுத்தி அணைத்திருந்தால் அதில் சுழியம் இராது. இந்த இரண்டையும் பார்த்து எழுதுங்கள். டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் ஏதேனும் பதிவு உண்டா என்பதையும் பாருங்கள். பிராசஸரோ பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்போ தன் பிழையைத் தானே தெரிவிக்கும்போது அது அங்கேதான் பதிவாகும்.

இப்போது அந்த ஐந்துக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட இயக்கி பழுது என்றால், பிழை எண்ணும் குற்றம் சாட்டப்படும் கோப்பும் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கும். உங்களுக்கு எண்ணும் மாறுகிறது, கோப்பும் மாறுகிறது. அப்படி இருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ராமைத்தான். ஏனென்றால் எல்லா நிரல்களும் அங்கேதான் குடியிருக்கின்றன, ஒரு பிட் புரண்ட இடத்தில் அந்த நேரத்தில் யார் இருந்தார்களோ அவர் பெயர் பதிவாகிவிடுகிறது. அதோடு, ராம் சேர்த்த இரண்டு வாரத்தில் தொல்லை தொடங்கியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதில் எளிதில் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. ராமின்மேல் 3200 என்று அச்சிட்டிருப்பது, பல தயாரிப்புகளில், எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) இயக்கினால் மட்டுமே கிடைக்கும் வேகம். டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதை 1.35-க்கு உயர்த்துவது வழக்கம். இரண்டு ராம்களை ஒரே பெட்டியில் விற்கும் நிறுவனம், அந்த இரண்டும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும் என்று மட்டுமே உறுதி அளிக்கிறது. வேறு நிறுவனத்தின் இன்னும் இரண்டைப் பக்கத்தில் செருகி, நான்கு ஸ்லாட்டும் நிறைந்த நிலையில் பிராசஸரில் ராமை இயக்கும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் அதே வேகத்தைத் தாங்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நான்கும் தனித்தனியே நல்லவையாக இருந்து, சேர்ந்திருக்கும்போது மட்டும் பிழை செய்வது உண்டு.

ஆகவே மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கிச் சோதியுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி சோதனை எளிதானது என்றாலும், அது எதையும் கண்டுபிடிக்காததை நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் சோதனையை, எதையும் மாற்றாமல், இப்போது இருக்கும் அமைப்பிலேயே செய்யுங்கள். பிழையை ஒரு முறை கண்ணால் பார்த்த பிறகுதான் மாற்றம் பலித்ததா என்று அறிய முடியும். பிழை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடியும், பிறகு பழைய இரண்டை மட்டும், பிறகு புதிய இரண்டை மட்டும் என்று சோதியுங்கள். இரண்டை மட்டும் செருகும்போது பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளே உரியவை, கையேட்டில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 32 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே பல மணி நேரம் ஆகலாம் என்பதால் இரவில் ஓடவிடுவது வசதி. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ஒன்றுதானே என்று விட்டுவிட வேண்டாம்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஒன்பதுக்கு நான் எஸ்எம்பிஎஸ்ஸை இவ்வளவு எளிதில் விடமாட்டேன். நான்கு ஆண்டு ஓடிய 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரி 11.4-க்குக் கீழோ 12.6-க்கு மேலோ போகக்கூடாது என்பது மேசைக்கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தரவிதி, அதாவது 5% ஏற்ற இறக்கம். விண்டோஸில் ஓடும் மென்பொருள் காட்டும் வோல்ட் கணக்கை நம்ப வேண்டாம். 12 வோல்ட் வரி 8 என்று காட்டிய கணினி நலமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரால் அளக்கலாம். ஆனால் கண நேரச் சரிவை மல்டிமீட்டரும் பிடிக்காது என்பதால், தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. அந்த ஒரு வாரத்தில் வேறு எதையும் தொடக்கூடாது.

கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு மின் இணைப்புகள் இருந்து, இரண்டையும் ஒரே கேபிளின் கிளைகளிலிருந்து கொடுத்திருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். எக்காரணம் கொண்டும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மின்னேற்றத்தோடு இருக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சோதனைகள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன.

நான்கு ராம்களும் 3200 வேகத்தில் இருக்கும்போது, மெம்டெஸ்ட் தொடங்கிய 40 நிமிடத்தில் முதல் சிவப்பு வரி வந்தது. சுற்று முடிவதற்குள் 17 பிழைகள். பழைய இரண்டு மட்டும் அதே 3200-இல் பிழையே இல்லை. புதிய இரண்டு மட்டும் வைத்தபோதும் பிழை இல்லை. முதலில் பதில் எழுதியவர் சொன்னபடியே, தனித்தனியே நல்லவை, சேர்ந்தால் ஆகவில்லை. நான்கையும் செருகி எக்ஸ்எம்பியை அணைத்தேன். வேகம் 2666-க்கு இறங்கியது. நான்கு சுற்று ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. அதே அமைப்பில் பத்து நாளாக வேலை செய்கிறேன். நீலத்திரை ஒரு முறைகூட வரவில்லை.

ஆனால் அந்த மற்றொரு வகை மறுதொடக்கம் மட்டும் இந்தப் பத்து நாளில் மூன்று முறை நடந்துவிட்டது. பக்செக்கோட் சுழியம், பவர்பட்டன்டைம்ஸ்டாம்பும் சுழியம், டபிள்யூஹெச்இஏ பதிவு எதுவும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரே ஒரு மின் இணைப்புதான். நண்பர் ஒருவரின் 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். மூன்றாவது மறுதொடக்கம் அதைப் பொருத்திய மறுநாளே நடந்தது. ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸும் இல்லை என்று தோன்றுகிறது. இனி மதர்போர்டுதானா?

மேலும் ஒரு தொல்லை: நீலத்திரை நின்ற பிறகும், பக்க வடிவமைப்பு மென்பொருள் மட்டும் தொடங்கிய சில நிமிடங்களில் மூடிக்கொள்கிறது. முன்பு இப்படி இல்லை.

மூன்றாம் பதில்

மதர்போர்டு வாங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். அந்தத் திடீர் மறுதொடக்கம் நடக்கும் கணத்தில் கேபினெட் விசிறிகள் நிற்கின்றனவா, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கின்றனவா? முகப்பில் உள்ள பவர் விளக்கு அணைந்து எரிகிறதா, அணையாமலே இருக்கிறதா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், மின்சாரம் அறுந்து கணினி நின்றால் விசிறி வேகம் குறையும், விளக்கு அணையும், பல எஸ்எம்பிஎஸ்களில் ஒரு சிறு டிக் ஒலியும் கேட்கும். எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துகொண்டால், பெரும்பாலும் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துப் போடும் வரை எழவே எழாது. உங்களுடையதோ உடனே எழுந்துவிடுகிறது. விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கத் திரை மட்டும் கறுத்து மதர்போர்டின் சின்னம் வந்தால், மின்சாரம் அறுபடவே இல்லை, யாரோ ரீசெட் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ என்பது கேபினெட்டின் முகப்பில் இருக்கும் ரீசெட் பொத்தானாகவே இருக்கலாம். பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் கணினி வலுக்கட்டாயமாக அணையும். ரீசெட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, இரண்டு பின்கள் ஒரு கணம் தொட்டுக்கொண்டாலே போதும். நான்கு ஆண்டுத் தூசியும் தளர்ந்த ஸ்பிரிங்கும் சேர்ந்தால், கை படாமலே அது தொட்டுக்கொள்ளும். விண்டோஸுக்கு இது தெரியவே தெரியாது. அதனால்தான் எந்தப் பதிவும் இல்லை.

நீங்கள் முதல் பத்தியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது: கேபினெட்டைக் காலடிக்கு இறக்கிய பிறகுதான் எல்லாம் தொடங்கியிருக்கிறது. ராமைச் சேர்த்த நாளும் அதுவே என்பதால் இரண்டு மாற்றங்கள் ஒன்றன் நிழலில் ஒன்று மறைந்துவிட்டன.

சோதனைக்குச் செலவில்லை. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டின் கீழ் ஓரத்தில் முகப்பு வயர்கள் வந்து சேரும் சிறு பின் வரிசையைப் பாருங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் ஒன்பது பின் அமைப்பில் 5, 7 ஆகிய பின்கள் ரீசெட்டுக்கும், 6, 8 ஆகிய பின்கள் பவர் பொத்தானுக்கும் உரியவை. ஆனாலும் உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிட்டே தொடுங்கள். ரீசெட் வயரை மட்டும் உருவி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். ரீசெட் பொத்தான் இல்லாமல் கணினிக்கு எந்தக் குறையும் வராது. நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்களுடையதையே மாட்டுங்கள். அதற்குப் பிறகு வேறெதையும் மாற்றாமல் இரண்டு வாரமாவது காத்திருங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை வரும் கோளாறு, நான்கு நாள் வரவில்லை என்பதால் போய்விட்டதாக ஆகாது.

முதலில் பதில் எழுதியவர் மீண்டும்

வடிவமைப்பு மென்பொருள் மூடிக்கொள்வது பற்றி: விண்டோஸை மீண்டும் நிறுவியதாகச் சொன்னீர்களே, அது ராம் பிழை செய்துகொண்டிருந்த காலத்தில். நிறுவும்போது ஒவ்வொரு கோப்பும் அந்த ராம் வழியாகத்தான் எஸ்எஸ்டிக்குப் போயிருக்கிறது. சில கோப்புகள் புரண்ட பிட்டுகளோடே எழுதப்பட்டிருக்கலாம். ராம் சரியாகிவிட்டாலும் அந்தக் கோப்புகள் தாமாகச் சரியாகா. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓட்டுங்கள். வடிவமைப்பு மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்.

இதைவிட முக்கியமானது உங்கள் சொந்தக் கோப்புகள். இந்த இரண்டு மாதத்தில் நகலெடுத்தவை, சேமித்தவை எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. ராம் கோளாறு சத்தமின்றிக் கெடுக்கும். நகலெடுக்கும்போது எந்த எச்சரிக்கையும் வராது. ராம் சேர்ப்பதற்கு முந்தைய காப்புநகல் இருந்தால் அதன்மேல் புதியதை எழுதிவிடாமல் தனியே வையுங்கள். புதிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, குறிப்பாகப் படங்களையும் சுருக்கப்பட்ட கோப்புகளையும் சரிபாருங்கள். முதல் பதிலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். விட்டது என் பிழை.

கேட்டவர்

விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதாக எழுதியவர் கேட்ட பிறகு நான் விசிறியைக் கவனிக்கத் தொடங்கினேன். அன்று மாலையே நாற்காலியை இழுத்து உட்காரும்போது கால் கேபினெட்டின் முகப்பில் லேசாக உரசியது, திரை கறுத்தது, விசிறியின் சுழற்சியில் ஒரு சிறு தடுமாற்றம்கூட இல்லை, விளக்கும் அணையவில்லை. உடனே கணினியை அணைத்து ரீசெட் வயரை உருவினேன். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, அந்த வயரின் இரு முனைகளிலும் பிடித்துக்கொண்டு, பொத்தானைத் தொடாமல் அதற்குப் பக்கத்தில் முகப்பை விரலால் தட்டினேன். முதல் மூன்று தட்டுக்கு ஒன்றும் இல்லை. நான்காவது தட்டில் பீப் என்று கேட்டது. முகப்பைக் கழற்றிப் பார்த்தபோது, பொத்தானின் பிளாஸ்டிக் தண்டு சாய்ந்து உள்ளே சுவிட்சின்மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

வயரை உருவி இன்றோடு 23 நாள் ஆகிறது. பழைய 550 வாட் எஸ்எம்பிஎஸ்தான் ஓடுகிறது. ஒரு மறுதொடக்கம்கூட இல்லை. சிஸ்டம் ஃபைல் செக்கர் சில கோப்புகளைப் பழுது என்று கண்டு திருத்தியது. மென்பொருளை மீண்டும் நிறுவிய பிறகு அதுவும் ஒழுங்காக இயங்குகிறது. கோப்புகளைச் சரிபார்த்ததில், இரண்டு படங்கள் பாதிக்குமேல் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரிந்தன. பழைய காப்புநகலிலிருந்து மீட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு ஐயம் மிச்சம். நான்கு ராம்களையும் 2666-இலேயே விட்டுவிடலாமா, அல்லது புதிய இரண்டை எடுத்துவிட்டு 16 ஜிபியை 3200-இல் ஓட்டுவது நல்லதா?

மூன்றாவதாகப் பதில் எழுதியவர்

நீங்கள் 32 ஜிபி ஆக்கியதே 16 போதவில்லை என்பதால்தானே? ராம் தீர்ந்து எஸ்எஸ்டியைத் துணைக்கு அழைக்கும்போது ஏற்படும் தாமதத்தின் முன், 2666-க்கும் 3200-க்கும் உள்ள வேறுபாடு பக்க வடிவமைப்பில் உங்கள் கண்ணுக்கே தெரியாது. நான்கையும் அப்படியே விடுங்கள். 2933-ஐ முயன்று பார்க்க ஆசை இருந்தால் முயலலாம், ஆனால் மெம்டெஸ்ட் நான்கு சுற்று முடியாமல் அந்த அமைப்பில் ஒரு கோப்பையும் சேமிக்காதீர்கள்.